வெஹ்பி திருப்பி வாங்கிய சொல்

என் தம்பி வெஹ்பிக்குக் கோபமே வராது. அவனுக்கு வர வேண்டியதும் சேர்ந்து எனக்கு வந்துவிட்டது. எங்கள் தோகாத் ஊரில் இந்த நாஜியேவின் வாய்க்குப் பயப்படாத ஆண்கள் இரண்டே பேர். ஒருவர் காலஞ்சென்ற என் கணவர். அவருக்குக் காது மந்தம். இன்னொருவன் வெஹ்பி. நான் கத்திக்கொண்டே இருப்பேன், அவன் பாட்டுக்கு அடுப்பில் தேநீர் வைத்துக்கொண்டிருப்பான்.

அவன் இஸ்தான்புல் பஸ்ஸில் முஆவின். பெட்டிகளை ஏற்றுவது, தனியாக வரும் பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு பெண்ணைத் தேடிப் பிடித்து உட்கார வைப்பது, வண்டி ஊர் தாண்டியதும் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் எலுமிச்சைக் கொலோன் ஊற்றுவது, பிறகு ஆடுகிற வண்டியில் தட்டைப் பிடித்துக்கொண்டு தேநீர் கொடுப்பது, இதுதான் முஆவின் வேலை. மீசை அரும்புகிற வயதில் சேர்ந்தான். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் கொஞ்ச நாளில் லைசென்ஸ் வாங்கி ஓட்டுநர் ஆகிவிட்டார்கள். இவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும். லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கும் சிரித்தான். "ஓட்டுறவன் முதுகைத்தான்கா ஜனங்க பாப்பாங்க. என் மூஞ்சியப் பாத்துட்டுப் போகட்டும்" என்றான்.

கல்யாணமும் ஆகவில்லை. ஒருமுறை பேசி வைத்தோம். பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று இவன் போலு மலையில் பனியில் மாட்டிக்கொண்டு வண்டியோடு நின்றுவிட்டான். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு என் வீட்டு மாடி அறைதான் அவனுக்கு.

அவன் போகும் வண்டியை ஓட்டியவர் கேப்டன் ரெம்ஸி. பஸ் ஓட்டுநரை நாங்கள் கேப்டன் என்றுதான் சொல்வோம். ஒரே வண்டியில் தலை நரைத்தவர்கள் இரண்டு பேரும். ஒவ்வொரு முறையும் வண்டி கிளம்புவதற்கு முன்னால் ரெம்ஸி ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டு, "வெஹ்பி, உன் உரிமைய ஹலால் பண்ணிடு" என்பார். "ஹலால் கேப்டன், நீயும் பண்ணிடு" என்பான் இவன். உனக்கு நான் செய்த குறை, உன்னிடம் நான் பட்ட கடன் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடு. வழியில் ஏதாவது ஆகிப்போனால் நாளைக்கு மறுமையில் நீ என் சட்டையைப் பிடித்து நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். எங்களில் யாராவது இப்படிக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. எதிரி கேட்டாலும் வராது.

பழைய முதலாளி இறந்ததும் மகன் தோல்கா கம்பெனிக்கு வந்தான். படித்த பிள்ளை, மரியாதை தெரிந்த பிள்ளை. நல்லவனாகத்தான் இருந்து தொலைத்தான். புது பஸ்கள் வந்தன, சீட்டுக்குச் சீட்டு டிவி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெம்ஸி எங்கள் வீட்டில் திராட்சை இலைச் சுருளைத் தின்றுகொண்டே அந்தக் கதையைச் சொன்னார்.

"இந்தப் பையன் நேத்து ஓட்டுநர் ரூம்ல என்ன சொன்னான் தெரியுமாக்கா? ஐம்பது தாண்டினவன் தட்டத் தூக்கிட்டு வந்தா, பயணிக்குத் தன் அப்பாவே வந்து வேலக்காரனா நிக்கிற மாதிரி இருக்காம். ஜனங்க கூசிப் போறாங்களாம். கிழடுங்கள முதல்ல எறக்குங்கன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் என்னத்தச் சொல்ல? நான் கண்ணாடியப் பாத்து மீசையத் தடவிக்கிட்டேன்."

மூன்று பேரும் சிரித்தோம். வெஹ்பிதான் அதிகம் சிரித்தான். ஒரு பயணிகூட வேண்டாம் என்று அவன் கையைத் தள்ளியதில்லை; எனவே இது யாரையோ பற்றிய பேச்சு என்று நினைத்துவிட்டான், பைத்தியக்காரன்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள். கம்பெனியில் தனக்கு ஏதோ கேடயம் கொடுக்கிறார்களாம், அப்புறம் அப்படியே வண்டி ஏறிவிடுவேன் என்று காது சிவக்கச் சொன்னான். சட்டையை நான்தான் இஸ்திரி போட்டேன். வழக்கம்போல வாசலில் அவன் பின்னால் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன், தண்ணீர் மாதிரி போய்த் தண்ணீர் மாதிரி வரட்டும் என்று. மறுநாள் வர வேண்டியவன், நான் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் வாசலில் வந்து நின்றான். ஒரு கையில் கண்ணாடிக் கேடயம். இன்னொரு கையில் கேக் டப்பா.

"என்னடா, வண்டி போகலயா?"

"வண்டி போயிடுச்சுக்கா. நான்தான் போகல."

உட்கார வைத்துக் கேட்டேன். ஓட்டுநர்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து தோல்கா பேசினானாம். வெஹ்பி அண்ணன் நமக்கு உழைத்தது போதும், இனி அவர் உட்காரட்டும், நாம் அவருக்குத் தேநீர் ஊற்றுவோம் என்றானாம். எல்லாரும் கை தட்டினார்களாம்.

"நானும் தட்டினேங்கா," என்றான். "அப்புறம் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, எல்லார் முன்னாலயும், அண்ணே உங்க உரிமைய ஹலால் பண்ணிடுங்கன்னான்."

"நீ?"

"ஹலால்னுட்டேன்."

"வேலைய விட்டு அனுப்புறான்னு புரிஞ்சுதா இல்லையாடா உனக்கு?"

"புரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. முழுசாப் புரியறதுக்குள்ள வாய் சொல்லிடுச்சு. தினமும் சொல்ற வாய்தானே."

அந்தக் கேக்கை அப்படியே கொண்டுபோய்த் தெருநாய்களுக்குப் போட்டேன். நாய்கள் ருசித்துத் தின்றன. அவற்றுக்கு என்ன தெரியும்.

ஓய்வூதியம் வாங்க அவனுக்கு வயது போதாது. வேலைக்குப் போனாலோ வயது அதிகம். அவனை மறுபடி வண்டி ஏற்றாமல் விடுவதில்லை என்று நான் முடிவு கட்டினேன். என் பக்கத்து வீட்டுக்காரியின் மகள் ஷூலே வக்கீல். அவளிடம் இழுத்துக்கொண்டு போனேன். வயதைக் காட்டி ஒருவரை வேலையிலிருந்து அனுப்பக் கூடாது, தாராளமாக வழக்குப் போடலாம் என்றாள் அவள். ராஜிப் பேச்சுக்கு முதலில் உட்கார வேண்டும், சரிப்படாவிட்டால் கோர்ட், வேலையைத் திருப்பிக் கேட்கலாம். எழுதத் தயாராகப் பேனாவை எடுத்தாள். இவன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் ஹலால்னு சொல்லிட்டேனே வக்கீலம்மா."

"அது கோர்ட்ல செல்லாது அண்ணே. நீங்க கையெழுத்தா போட்டீங்க?"

"நான் இந்தக் கோர்ட்டைச் சொல்லல."

ஷூலே என்னைப் பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன். வழுக்கையாகிவிட்டதே என்று விட்டேன். வீடு வருகிற வழியெல்லாம் திட்டினேன். வயிற்றில் அடிப்பவன் அடித்துவிட்டு ஹலால் கேட்பானாம், இவன் வாரிக் கொடுப்பானாம். அன்றிலிருந்து அவன் சாப்பாடு பாதியானது. பஸ் கிளம்பும் நேரம் வந்தால் மாடியில் அவன் நடப்பது எனக்குக் கீழே கேட்கும். இறங்கி வந்து கை கழுவிக் கொலோன் போட்டுக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் திரும்பவும் மாடி ஏறுவான். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. ஒருநாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் அதே யூனிஃபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். "அக்கா, கூட வர்றியா? நான் குடுத்தத நானே போய்த் திருப்பி வாங்கணும். அவன் முதுகுக்குப் பின்னால கேஸ் போட்டா நான் பொய்யன். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா பொய்யில்ல."

"அது என்ன கடன் குடுத்த பாத்திரமாடா, போய் வாங்கிட்டு வர்றதுக்கு?" என்றேன். ஆனாலும் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். இதைப் பார்க்காமல் விடுவேனா?

பஸ் நிலையத்தில் கம்பெனி அறைக்குள் ஓட்டுநர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரெம்ஸியும் இருந்தார். தோல்கா எழுந்து வந்து இவனுக்கு நாற்காலி போட்டான்.

"வாங்க அண்ணே, வாங்க! உங்க வீடு மாதிரி. சாய் சொல்லட்டுமா?"

"வேணாம் தம்பி. நின்னுக்கிட்டே சொல்லிடறேன்," என்றான் வெஹ்பி. "அன்னிக்கு நீ ஹலால் பண்ணச் சொன்ன. நான் பண்ணினேன். அது என் வாய் சொன்னது, மனசு சொல்லல. அதைத் திருப்பி எடுத்துக்கறேன். இங்கயும் சரி, அங்கயும் சரி, உன்கிட்ட எனக்கு உரிமை பாக்கி இருக்கு. என் வேலை பாக்கி இருக்கு. இதை எல்லார் முன்னாலயும் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

தோல்காவின் முகம் வெளுத்துப்போனது. வெளிநாட்டில் படித்திருக்கட்டும், கையில் எவ்வளவு பெரிய கடிகாரம் வேண்டுமானாலும் கட்டியிருக்கட்டும். இந்தச் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு நம் ஆள் எவனும் நிம்மதியாகத் தூங்க மாட்டான். "அண்ணே, உங்களுக்கு மரியாதை பண்ணித்தானே அனுப்பிச்சேன்," என்றான்.

"மரியாதை நல்லாத்தான் இருந்துச்சு," என்றான் என் தம்பி.

நாங்கள் வெளியே வந்து பத்தடி நடப்பதற்குள் ரெம்ஸி ஓடி வந்தார். வெஹ்பியைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "ஆம்பளடா நீ! நான் இருக்கேன்டா. கிழடுங்கள எறக்குன்னு அவன் சொன்னது என் காதுல விழுந்தது. நான் வந்து சாட்சி சொல்றேன். யாரு என்ன பண்ணிடுவாங்க என்னை?" நான் கேட்கவில்லை, வெஹ்பி கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அன்று இரவு வெஹ்பி இரண்டு தட்டு பிலாவ் சோறு சாப்பிட்டான்.

ராஜிப் பேச்சில் ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனி வக்கீல் அரைமணி நேரம் மரியாதையாகப் பேசிவிட்டு எழுந்து போய்விட்டார். கோர்ட் தேதி வருவதற்குள் ஒரு குளிர்காலம் போய் வசந்தம் வந்தது. கம்பெனி எழுதிக் கொடுத்தது இதுதான்: வயதை நாங்கள் பார்க்கவே இல்லை, அவர் கை நடுங்குகிறது, பயணி மேல் சூடான தேநீரைக் கொட்டினார். என் தம்பியா கொட்டினான்? போலு மலை வளைவில் ஒரு கையால் குழந்தையைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் ஊற்றுகிறவன். எங்களிடம் இருந்தது ஒரே சாட்சி. கிழடுங்களை இறக்கு என்று தோல்கா சொன்னதை ரெம்ஸி சொல்லிவிட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் ஷூலே.

ரெம்ஸி நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மீசைக்குப் புதிதாகக் கறுப்புச் சாயம் ஏற்றியிருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. நீதிபதி பெண். அப்படி ஏதாவது முதலாளி சொல்லி உங்கள் காதில் விழுந்ததா என்று கேட்டார்.

"ஓட்டுநர் ரூம்ல எப்பவும் சத்தமா இருக்கும்மா," என்றார் ரெம்ஸி.

"விழுந்ததா இல்லையா?"

"எனக்கு ஞாபகம் இல்ல."

"வெஹ்பியின் கை நடுங்குமா?"

ரெம்ஸி தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் ரோட்டப் பாத்து ஓட்டுறவன். பின்னால என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதும்மா."

நான் எழுந்துவிட்டேன். "என் வீட்டு இலைச் சுருளத் தின்னுக்கிட்டே சொன்னியே, அப்ப மட்டும் ஞாபகம் இருந்துச்சா?" என்று கத்தினேன். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் முதலில் ரெம்ஸிதான் வெளியே வந்தார். பின்னாலேயே வெஹ்பி. ஒரு நிமிஷம் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். வெஹ்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ரெம்ஸி தொண்டையைச் செருமிக்கொண்டு மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டார்.

வழக்குத் தோற்றது. ரெம்ஸிக்கு ஓய்வூதியம் வரும் வரைக்கும் வண்டி உண்டு என்று தோல்கா வாக்குக் கொடுத்திருந்தானாம், பிறகு ஊரே பேசிக்கொண்டது. மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்றாள் ஷூலே. வெஹ்பி வேண்டாம் என்றுவிட்டான்.

அதற்குப் பிறகு வேலை தேடினான். ஹோட்டல், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி கேன்டீன் என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினான். விளம்பரத்தில் எல்லாம் முப்பத்தைந்துக்கு உட்பட்டவர் என்று போட்டிருப்பார்கள். இருந்தாலும் போவான். கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடைக்காரன் இவனைப் பார்த்ததும் எழுந்து நின்று, பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி கையை முத்தமிட வந்தானாம். "அண்ணே, நீங்க சாய் கொண்டாந்து வெச்சா நான் எப்படி உக்காந்து கல்லாவப் பாக்கிறது? பாவம் புடிக்கும்" என்றானாம். இதை என்னிடம் வந்து சொல்லிவிட்டு வெஹ்பி சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "எல்லாரும் எனக்கு எந்திரிச்சு நிக்கிறாங்கக்கா. ஒருத்தன்கூட உள்ள விட மாட்டேங்கிறான்."

மாடி ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார ஆரம்பித்தான். அங்கிருந்து தெருமுனை தெரியும். யாராவது வருகிறார்களா என்று பார்ப்பான். முதலில் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் ரெம்ஸியை நான் வாய் ஓயாமல் சபித்துக்கொண்டிருந்தபோது நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"விடுக்கா. அவனுக்கும் வயசாச்சு. அவனும் பயந்தான்."

"அப்ப அவனுக்கு ஹலால் பண்ணிட்டியா? பண்ணுடா, பண்ணு! ஊருக்கெல்லாம் வாரி விடு!"

"இல்லக்கா. இனிமே வாய்க்கு வந்தபடி குடுக்க மாட்டேன். கேக்காதவனுக்கு எப்படிக் குடுக்கிறது? அவன் வந்து கேட்டான்னா குடுத்துடுவேன். படியேறி வரட்டும், வாசல்ல நின்னு கேட்டாக்கூடப் போதும். வருவான் பாரு. எத்தனை தடவ கேட்டிருக்கான், இதுக்குக் கேக்க மாட்டானா?"

இரண்டு குளிர்காலம் அந்த ஜன்னலில் போனது. பண்டிகைக்குப் பண்டிகை புதுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தான். பண்டிகை நாளில் மனஸ்தாபம் உள்ளவர்கள் போய்ப் பேசுவது எங்கள் வழக்கம். மிட்டாய்த் தட்டை நிரப்பி வைக்கச் சொல்வான். தெருப் பிள்ளைகள் வந்து தட்டைக் காலி செய்துவிட்டுப் போகும். ரெம்ஸி வரவில்லை.

பிப்ரவரியில், ஒரு காலை, தேநீர் கொதித்து வழிகிற வாசனை மாடியிலிருந்து வந்தது. அடுப்பில் வைத்ததை அவன் மறக்க மாட்டான். ஓடினேன். அந்த நாற்காலியிலேயே சாய்ந்திருந்தான். இதயம் நின்று போயிருந்தது. கை இன்னும் சூடாக இருந்தது. துளி நடுக்கம் இல்லாத கை. அதைப் பிடித்துக்கொண்டு, யாராவது வரும் வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

மறுநாள் நண்பகல் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் சவப்பெட்டியை அதற்கென்று உள்ள கல்லின் மேல் வைத்தார்கள். பஸ் நிலையமே வந்திருந்தது. தோல்கா பெரிய மலர்வளையம் அனுப்பியதோடு தானும் வந்து நின்றான். ரெம்ஸி முதல் வரிசையில் நின்றார். நாங்கள் பெண்கள் பின்னால், மதிலோரம். இமாம் தொழுகையை முடித்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பி, எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"ஜமாஅத்தே, இறந்தவர் மேல உங்களுக்கு இருக்கிற உரிமைய ஹலால் பண்றீங்களா?"

"ஹலால்!" என்றார்கள் எல்லாரும்.

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சொன்னார்கள். தோல்கா சொன்னான். ரெம்ஸியின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. என் தம்பி இவர்களுக்கு என்ன கொடுக்க வேண்டியிருந்தது? ஒரு கிளாஸ் தேநீர் பாக்கி வைத்திருப்பானா? பெட்டிக்குள் இருப்பவனிடம், நீ இவர்களுக்கு ஹலால் பண்ணிவிட்டாயா என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

ஏழாம் நாள் நான் குர்ஆன் ஓதுபவர்களுக்காக ஹல்வா கிண்டிக்கொண்டிருந்தேன். மாவு சிவந்து வருகிற நேரம், கரண்டியை விட முடியாது. கதவு திறந்துதான் இருந்தது. ரெம்ஸி வந்து நின்றார். கையில் சர்க்கரைப் பொட்டலம். மீசையில் சாயம் இல்லை, முழுக்க வெள்ளை. போன மாதம் அவரையும் இறக்கிவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நான் உட்காரச் சொல்லவில்லை. அவரும் உட்காரவில்லை.

"நாஜியே அக்கா," என்றார். "அவன் போறதுக்கு முன்னால என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

"சொன்னான்."

"என்னக்கா சொன்னான்? திட்டினானா?"

திட்டினான் என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்கு லேசாக இருந்திருக்கும். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதுவும் வெஹ்பியைப் பற்றி.

"வந்து கேட்டா குடுத்துடுவேன்னான். படியேறக்கூட வேணாம், வாசல்ல நின்னு கேட்டாப் போதும்னான். ரெண்டு வருஷமா மாடி ஜன்னல்ல உக்காந்து தெருமுனையப் பாத்துக்கிட்டிருந்தான் உங்களுக்காக."

ரெம்ஸி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, குழந்தை கேட்பது போலக் கேட்டார்.

"இப்பக் கேக்கிறேன்க்கா. அவனுக்குப் பதிலா நீங்க ஹலால்னு சொல்லிடுங்க. நீங்க அவன் ரத்தம்தானே. சொல்லலாம்ல?"

இத்தனை நாள் அந்த ஆள் என் முன்னால் வந்தால் கரண்டியால் அடிப்பேன் என்று இருந்தேன். கரண்டி கையில்தான் இருந்தது. அடிக்கத் தோன்றவில்லை. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"என்கிட்ட இருந்தா குடுத்திருப்பேன் ரெம்ஸி," என்றேன். "அது அவன்கிட்ட இருந்துச்சு."

அவர் சர்க்கரைப் பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். நான் ஹல்வா தீய்ந்துவிடாமல் கிண்டிக்கொண்டிருந்தேன்.